ஒரே சரிவில் இறங்கியவர்கள்

1931 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 10 ஆந் திகதி பேர்லின் நகரிலே ஒரு திரைப்படம் முதன்முறையாகத் திரையிடப்பட்டது. ஜேர்மன் மொழியில் 'டேர் வைஸ ரவுஷ்' என்பது அதன் பெயர். 'வெண்மயக்கம்' என நாம் தமிழாக்கிக்கொள்ளலாம். கதையென்று எடுத்துச் சொல்லத்தக்கது அதில் அதிகமில்லை. ஒஸ்திரியாவின் ஆர்ல்பேர்க் மலைப்பகுதியிலுள்ள சென் அன்ரன் என்னும் கிராமத்தில் ஓர் இளம்பெண் பனிச்சறுக்குப் பழகுகிறாள். பழக்குபவர் அவ்வூரின் ஆசான். ஹம்பேர்க் துறைமுக நகரிலிருந்து வந்த இரு தச்சர்கள், ஒருவர் நெட்டை, மற்றவர் குட்டை, தாமும் சறுக்கப்போய் விழுந்தெழும்பிச் சிரிப்பூட்டுகின்றனர். இறுதியிலே பெரியதொரு வேட்டை. பெண்ணும் ஆசானும் நரிகளாக முன்னே விரைய, பெருங்கூட்டமொன்று வேட்டை நாய்களாகப் பின்னே துரத்துகிறது. வெண்பனி புகைபோல் எழ, மலைச்சரிவெங்கும் மனிதர் பறக்கின்றனர். அவ்வளவே படம்.

இதனை ஒரு வரலாற்றுக் கட்டுரைக்குப் பொருளாக நாம் எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் அதன் கலைச்சிறப்பு அன்று. அந்தச் சரிவில் அன்று ஒன்றாக இறங்கியவர்களும், அவர்களைப் படமாக்கியவரும், அவர்களின் ஓட்டத்துக்கு இசையமைத்தவரும் ஏழே ஆண்டுகளில் ஒருவருக்கொருவர் எட்டாத திசைகளிற் சிதறிப்போயினர். ஒருவர் சிறையில், ஒருவர் நாடிழந்து அந்நிய மண்ணில், ஒருத்தி ஹிட்லரின் அவையில், ஒருவர் ஹிட்லரின் கொடிக்கீழ்ப் பதக்கம் பெற்றவராய். "கலைக்கும் விளையாட்டுக்கும் அரசியலோடு என்ன தொடர்பு?" என்று எம்மிடையே கேட்போர் இன்றும் உளர். கேட்போரிற் பலர் நல்லவர்களே. அவர்களோடு வாதம் புரிவதிலும் இம்மனிதர்களின் வாழ்க்கையை எடுத்துரைப்பது பயனுடையது என எண்ணுகிறோம்.

பனி என்றால் எமக்கு மார்கழி விடியலிற் புல்லின்மேல் நிற்கும் நீர்த்துளி. மிஞ்சினால் நுவரெலியாவில் எப்போதாவது தரையில் உறையும் மெல்லிய வெண்படலம். அல்ப்ஸ் மலைமக்களுக்கோ அது ஆண்டிற் பல மாதங்கள் வழியை அடைத்து, வேலையைப் பறித்து, சிலவேளை வீட்டையே மூடிவிடும் பகை. நோர்வே நாட்டவர் நெடுங்காலம் கையாண்டுவந்த நீண்ட மரப்பலகைகளைக் காலிற் கட்டிக்கொண்டு அந்தப் பகையின்மேல் நடக்கவும் சறுக்கவும் மத்திய ஐரோப்பியர் கற்றுக்கொண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேதான். கற்றுக்கொண்டதும், பட்டணத்துச் செல்வர்கள் குளிர்காலத்தில் மலைக்கு வரத் தொடங்கினர். பனியே வருமானமாயிற்று.

படத்தில் ஆசானாகத் தோன்றும் ஹன்னெஸ் ஷ்னைடர் உண்மையிலேயே ஆசான். 1890 இல் ஆர்ல்பேர்க்கிலுள்ள ஷ்டூபன் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். தந்தையார் மலைப்பாதையைச் செப்பனிடும் தொழிலாளி. பதினேழு வயதில், 1907 இல், சென் அன்ரனின் விடுதியொன்றில் விருந்தினருக்குச் சறுக்கல் பழக்கும் வேலைக்கு அமர்ந்தார். முழங்காலை மடக்கிக் குனிந்து, பலகைகளை ஆப்புப்போல் விரித்து வேகத்தைத் தணித்து, உடலின் திருப்பத்தால் திசைமாற்றும் முறையொன்றை அவர் படிமுறையாக வகுத்தார். 'ஆர்ல்பேர்க் முறை' என்று உலகெங்கும் பெயர்பெற்றது இதுவே. முதல் உலகப் போரில் ஒஸ்திரிய மலைப்படையினருக்கு அதைப் பயிற்றினார். போர் முடிந்தபின் சென் அன்ரனில் அவர் நிறுவிய பாடசாலையில், வந்தவர்களைத் திறமைக்கேற்ப வகுப்புகளாகப் பிரித்து, இன்ன வகுப்புக்கு இன்ன பாடம் என வரையறுத்தார். எம்போன்று கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டோருக்கு இது சாதாரணமாகத் தோன்றலாம். அதற்கு முன் அவ்விளையாட்டில் ஒழுங்கான கற்பித்தல் என்பது அரிதாகவே இருந்தது.

சென் அன்ரனின் வளர்ச்சிக்கு இன்னொருவரின் உழைப்பும் உண்டு. ரூடோல்ஃப் கொம்பேர்ட்ஸ் என்ற பொறியியலாளர், 1878 இல் வியன்னாவிற் பிறந்தவர். செல்வமிக்க யூத குடும்பமொன்றின் வழிவந்து கிறிஸ்தவராக ஞானஸ்நானம் பெற்றவர். இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில் சென் அன்ரனுக்கு வந்து அங்கேயே குடியமர்ந்தார். பனிச்சறுக்குச் சங்கத்தின் அலுவல், போட்டிகளின் ஏற்பாடு, விருந்தினரை ஈர்க்கும் விளம்பரம் என்பவற்றிற் கடிதமும் கணக்குமாக உழைத்தவர் அவர். ஷ்னைடர் முகம் என்றால் கொம்பேர்ட்ஸ் எழுதுகோல். திரையில் அவர் வரவில்லையாயினும் இந்த வரலாற்றிலிருந்து அவரை விலக்க முடியாது.

படத்தை எடுத்த ஆர்னோல்ட் ஃபாங்க் நிலவியல் கற்ற கலாநிதி. 1920 இல் ஃபிரைபூர்க் நகரில் நண்பர்களுடன் மலைக்கும் விளையாட்டுக்குமெனவே ஒரு படநிறுவனம் தொடங்கினார். அரங்கத்தில் உப்பையும் பஞ்சையும் பனியாகக் காட்டிய காலத்தில், உண்மையான மலையில், உண்மையான குளிரில், உண்மையாகவே சறுக்கத் தெரிந்தவர்களைக்கொண்டு படம் பிடிக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. ஆகையால் அவருடைய நடிகர்கள் சறுக்குவீரர்கள், ஒளிப்பதிவாளர்களும் சறுக்குவீரர்கள். பாரமான கருவியை முதுகிற் சுமந்துகொண்டு ஓடுபவர்களோடு ஓடியவர்கள் அவர்கள். நெட்டைத் தச்சராக வரும் வால்டர் ரிம்லும் குட்டைத் தச்சராக வரும் குஸ்டாவ் லான்ட்ஷ்னரும் இன்ஸ்புருக் நகரத்து இளைஞர்கள்; இருவருமே பின்னர் ஒளிப்பதிவிலும் கைவைத்தவர்கள். லான்ட்ஷ்னர் 1932 இல் இத்தாலியின் கோர்ட்டினாவில் நடந்த போட்டியில் இறக்க ஓட்டத்தின் உலக வெற்றிவீரரானார். இளம்பெண்ணாக நடித்த லெனி ரீஃபன்ஷ்டால் பேர்லினைச் சேர்ந்தவர், முன்னர் நடனமாது. 1926 இல் வெளிவந்த 'புனித மலை' முதலாக ஃபாங்கின் படங்களில் நடித்து, அதற்காகவே சறுக்கவும் மலையேறவும் பழகிக்கொண்டவர். அவருடைய துணிச்சலை எவரும் குறைகூற முடியாது.

படம் வெளியான காலத்தையும் நோக்கவேண்டும். 1931 மே மாதத்தில் வியன்னாவின் மிகப்பெரிய வங்கி முறிந்தது. ஜூலையில் ஜேர்மன் வங்கிகள் கதவடைத்தன. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியில் வேலையற்றோராகப் பதிவு செய்துகொண்டவர்கள் 60 இலட்சம் பேர். ஹம்பேர்க் தச்சர்கள் திரையிலே சறுக்கி விழுந்து சிரிப்பூட்டிய அதே குளிர்காலத்தில், உண்மையான ஹம்பேர்க் தச்சர்கள் எங்கே நின்றிருப்பார்கள் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். படம் அதைப்பற்றி மூச்சும் விடவில்லை. மயக்கம் என்று தன்னைத் தானே பெயரிட்டுக்கொண்டதில் ஒரு நேர்மை இருந்தது எனலாம்.

வெண்பனி தூயது, பட்டணத்து அழுக்கு அங்கே ஏறாது என்பது அக்கால மலைப்படங்களின் மறைபொருள். உண்மையில் அழுக்கு முன்னரே ஏறிவிட்டது. ஒஸ்திரிய பனிச்சறுக்குச் சம்மேளனம் 1923 இலேயே 'ஆரியர்' அல்லாதோருக்கு இடமில்லை எனும் விதியை ஏற்றது. அதை ஏற்காதவர்கள் பிரிந்து வேறொரு சம்மேளனம் அமைக்க நேர்ந்தது. மறு ஆண்டு ஜேர்மன் ஒஸ்திரிய அல்ப்ஸ் சங்கம், யூதர்கள் பெருமளவில் அங்கம் வகித்த 'டோனவுலாண்ட்' என்ற தன் கிளையை வெளியேற்றியது. ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு ஒன்பது, பத்து ஆண்டுகளுக்கு முன் நடந்தவை இவை. எந்த அரசாங்கமும் கட்டளையிடவில்லை. படித்தவர்கள், உத்தியோகத்தர்கள், ஆசிரியர்கள் கூடிக் கையுயர்த்திச் செய்தவை.

இருந்தும், ஃபாங்கின் குழுவினர் எல்லோரும் பிற்போக்காளர் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 'வெண்மயக்க'த்துக்கு இசையமைத்த பவுல் டெசாவ் ஹம்பேர்க்கிற் பிறந்த யூதர். 1933 இல் பாரிஸுக்குத் தப்பியோடினார். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் குடியரசின் பக்கம் நின்று போரிட்ட ஜேர்மன் தொண்டர்களின் புகழ்பெற்ற பாட்டுக்கு மெட்டமைத்தவர் அவரே. பின்னர் பிறெஹ்ட்டின் 'வீரத்தாய்' நாடகத்துக்கு அவர் அமைத்த இசையை அறியாத நாடகக்காரர் ஐரோப்பாவில் இல்லை. மலைப்படங்களுக்குப் பணம் முதலிட்ட ஹரி சோக்கலும் யூத வழிவந்தவர்; அவரும் ஜேர்மனியை விட்டு நீங்கினார். ஹங்கேரிப் புரட்சியிற் பங்கெடுத்து நாடுகடந்து வந்த கம்யூனிஸ்டும் திரைப்படக்கலையின் முதற் கோட்பாட்டாளருள் ஒருவருமான பேலா பலாஸ், ஃபாங்கின் படங்களைப் பாராட்டியே எழுதினார். இயற்கையின் முன்னிலையில் மனிதனின் முகத்தை அவர் படமாக்கிய விதம் பலாஸைக் கவர்ந்தது.

பலாஸுக்கு அந்தக் குழுவிடமிருந்து கிடைத்த கைம்மாறு யாது? ரீஃபன்ஷ்டால் தாமே இயக்கி நடித்த முதற் படமான 'நீல ஒளி'க்கு, 1931 இல், கதையமைப்பிலும் காட்சியமைப்பிலும் பலாஸ் பெருந்துணை புரிந்தார். ஊதியத்தைப் பின்னர் பெற்றுக்கொள்வதாக இணங்கினார். அதே ஆண்டில் மொஸ்கோவுக்குச் சென்றார். 1932 மார்ச்சில் படம் வெளியாயிற்று, புகழும் வந்தது. பலாஸ் தம் ஊதியத்தைக் கேட்டபோது ஹிட்லர் ஆட்சிபீடத்தில் இருந்தார். 1933 டிசெம்பரில் ரீஃபன்ஷ்டால் தம் கைப்பட ஒரு சிறு கடிதம் எழுதினார். யூதன் பேலா பலாஸ் தம்மிடம் கோரும் விடயத்தைக் கவனிக்கும் அதிகாரத்தை யூலியுஸ் ஷ்ட்ரைக்கருக்கு அளிப்பதாக அதிற் கண்டிருந்தது. ஷ்ட்ரைக்கர் என்பவர் யூத வெறுப்பையே தொழிலாகக் கொண்டு பத்திரிகை நடத்திய நாஸித் தலைவர். ஒரு எழுத்தாளனின் கூலிக்கு இதைவிடக் கொடிய பற்றுச்சீட்டு எழுதப்பட்டதாக நாம் அறியோம். 1938 இல் படம் மீண்டும் வெளியிடப்பட்டபோது பலாஸின் பெயரும் சோக்கலின் பெயரும் அதில் இல்லை.

ரீஃபன்ஷ்டாலின் பிந்திய வரலாறு பலரும் அறிந்தது, விரைந்து செல்வோம். 1934 நியூரம்பேர்க் நாஸி மாநாட்டை அவர் படமாக்கி 1935 இல் வெளியிட்ட 'மனவுறுதியின் வெற்றி' முகில்களினூடே விமானம் இறங்குவதோடு தொடங்குகிறது. ஃபாங்கின் படங்களில் மலையுச்சிகளின்மேல் மிதந்த அதே முகில்கள். அதன் தலைமை ஒளிப்பதிவாளர் செப் அல்கையர் ஃபாங்கின் பனிச்சரிவுகளிற் கை பழகியவர். குட்டைத் தச்சர் லான்ட்ஷ்னரும் நாஸிக் கட்சியிற் சேர்ந்து அவருடைய ஒளிப்பதிவாளருள் ஒருவரானார். பனியில் விரையும் மனிதனைத் தொடர்ந்து ஓடப் பழகிய கருவி, வரிசையாய் நடக்கும் படையைத் தொடர்வதற்கு அதிகம் சிரமப்படவில்லை.

1936 பெப்ரவரி 6 முதல் 16 வரை பவேரியாவின் கார்மிஷ் பார்ட்டன்கேர்ஷனில் குளிர்கால ஒலிம்பிக் நடைபெற்றது. 28 நாடுகள் பங்குபற்றின. ஊரெங்கும் தொங்கிய யூத எதிர்ப்புப் பலகைகள் வெளிநாட்டார் கண்ணிற் படாதவாறு அகற்றப்பட்டன. ஜேர்மனியின் ஹொக்கி அணியில் யூத வம்சாவளியினரான ரூடி பால் விளையாடினார். 1932 இல் வெண்கலம் வென்ற அணியிலும் இருந்தவர், 1933 இல் நாட்டைவிட்டு வெளியேறி அந்நிய அணிகளில் ஆடிக்கொண்டிருந்தவர், விளையாட்டுக்கென மீண்டும் அழைக்கப்பட்டார். பலகைகளை எந்தக் கை அகற்றியதோ அதே கைதான் அவரையும் அழைத்தது. மலைச்சறுக்கல் முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றதும் அங்கேதான். கூலிக்குக் கற்பிக்கும் பயிற்றுநர்கள் 'தொழில்முறையினர்' என்று கூறி ஒலிம்பிக் குழு அவர்களைத் தடுத்தது. ஒஸ்திரிய, சுவிஸ் வீரர்கள் அதை எதிர்த்து விலகி நின்றனர். பனியால் வயிறு வளர்த்த மலைக்கிராமத்தவன் பனி விழாவில் வேண்டாதவன். இன்ஸ்புருக்கைச் சேர்ந்த ஒஸ்திரியரான லான்ட்ஷ்னரோ ஜேர்மனியின் சார்பில் இறங்கி வெள்ளிப்பதக்கம் வென்றார்.

இனி ஆசானிடம் திரும்புவோம். சென் அன்ரன் வாழ்ந்தது பெரும்பாலும் வெளியூர் விருந்தினரால், அவர்களிற் பெருந்தொகையினர் ஜேர்மனியர். 1933 மே மாதத்தில், ஒஸ்திரியாவை மண்டியிடச் செய்யும் நோக்கத்தோடு, அங்கே செல்லும் ஒவ்வொரு ஜேர்மனியனும் 1,000 மார்க் கட்டவேண்டுமென ஹிட்லர் அரசாங்கம் விதித்தது. மூன்றாண்டுகள் நீடித்த இந்தத் தடை மலைக்கிராமங்களின் அடுப்பை அணைத்தது. "ஹிட்லர் வந்தால் விருந்தினர் வருவர்" என்ற பேச்சு அங்கு செல்லுபடியானதற்கு இன வெறுப்பு மட்டும் காரணமன்று, பசியும் காரணம். பயிற்றுநர்கள் சிலரும் நாஸிகளாயினர். ஷ்னைடர் அவர்களைத் தம் பாடசாலையில் வைத்திருக்க மறுத்தார். கொம்பேர்ட்ஸுடன் கொண்ட நட்பையும் விடவில்லை. அவர் இடதுசாரி அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அன்று ஒஸ்திரியாவை ஆண்டது, 1934 பெப்ரவரியில் வியன்னாத் தொழிலாளரின் குடியிருப்புகள்மீது பீரங்கி சுட்ட சர்வாதிகாரம். ஷ்னைடரின் எதிர்ப்பு ஒரு கொள்கைவாதியின் எதிர்ப்பன்று. யாரைத் தன் மாணவனுக்கு முன் நிறுத்தலாம், யாரை நிறுத்தலாகாது என்பதில் ஓர் ஆசான் காட்டிய பிடிவாதம் அது.

1938 மார்ச் 12 இல் ஜேர்மன் படை ஒஸ்திரியாவுள் நுழைந்தது. ஷ்னைடர் உடனேயே கைதாகி லாண்டெக் சிறையில் அடைக்கப்பட்டார். அவ்வேளை சென் அன்ரனில் நடைபெறவிருந்த சர்வதேசப் போட்டியை, அதனை அவரோடு சேர்ந்து 1928 இல் தொடக்கிய ஆங்கிலேயர் ஆர்னோல்ட் லன் கைவிட்டார். ஆசானைச் சிறையிலிட்ட ஊரில் ஓட்டமில்லை என்றார். சிறையிலிருந்து விடுவித்தபின்னும் ஷ்னைடர் ஊர் திரும்ப அனுமதிக்கப்படவில்லை. கார்மிஷில் ஒரு வழக்கறிஞரின் பொறுப்பில் வைக்கப்பட்டார். இறுதியில் அவரை மீட்டவர் ஹாவி கிப்சன் என்ற அமெரிக்க வங்கியாளர். ஜேர்மனி அமெரிக்க வங்கிகளுக்குக் கடன்பட்டிருந்தது. அந்தப் பேச்சுவார்த்தைகளில் கிப்சனுக்கிருந்த செல்வாக்கே கதவைத் திறந்தது. நியூ ஹம்ப்ஷயர் மாநிலத்தின் நோர்த் கொன்வே என்னும் தம் சொந்த ஊரில் சறுக்கு மலையொன்றை அவர் அமைத்துக்கொண்டிருந்தார் என்பதையும் மறக்கவேண்டியதில்லை. நற்செயலும் நல்ல வியாபாரமும் ஒரே கப்பலில் வந்தன. 1939 பெப்ரவரியில் ஷ்னைடர் குடும்பத்தோடு நோர்த் கொன்வேயில் இறங்கியபோது பாடசாலைப் பிள்ளைகள் இரு மருங்கும் நின்று தம் சறுக்குத்தடிகளை உயர்த்தி வளைவமைத்து வரவேற்றனர். அவருடைய மகன் ஹேர்பேர்ட் பின்னர் அமெரிக்க மலைப்படையில் இத்தாலிக்குச் சென்று, தந்தையைச் சிறையிலிட்டவர்களின் படையோடு போரிட்டார்.

போருக்குப்பின், 1947 இல், அமெரிக்காவில் அகதியாக இருந்த ஜேர்மன் விமரிசகர் சீக்ஃபிரீட் கிராக்கவர், மலைப்படங்களில் நாஸி மனப்பான்மையின் முளையைக் காணலாம் என்று எழுதினார். மலைக்குத் தலைவணங்கும் மனம் தலைவனுக்கும் தலைவணங்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். அதில் உண்மை உண்டு, முகில்களே சான்று. ஆயினும் அதை முழுமையாக ஏற்க எமக்குத் தயக்கமே. அதே மலைக்கு டெசாவ் இசையமைத்தார், பலாஸ் வாதாடினார், ஷ்னைடர் அதே சரிவில் வாழ்ந்து சிறைக்குப் போனார். மலை இவர்களை நாஸிகளாக்கவில்லை. 'என் வேலை சறுக்குவது, என் வேலை படம் பிடிப்பது' என்று சொல்லிக்கொண்டு, அந்த வேலைக்கு யார் பணம் கொடுக்கிறார், யாருடைய பெயர் அழிக்கப்படுகிறது என்று கேளாதிருந்த மனமே மற்றவர்களை அங்கு கொண்டுசேர்த்தது. கிராக்கவர் படச்சுருளைப் பார்த்தார். சம்பளப் பதிவேட்டையும் பார்த்திருக்கலாம்.

ஃபாங்க் 1936 இல் ஜப்பானுக்குச் சென்று மஞ்சூரிய ஆக்கிரமிப்புக்குத் துணைபோகும் படமொன்றை எடுத்தார். 1940 இல் கட்சியிற் சேர்ந்தார். போருக்குப்பின் படத்தொழில் கைவிட, காட்டில் மரவேலை செய்து பிழைத்து 1974 இல் இறந்தார். ரூடி பால் 1948 இல் தென்னாபிரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். டெசாவ் 1948 இல் கிழக்கு ஜேர்மனிக்குத் திரும்பினார். 1951 இல் அவருடைய இசைநாடகமொன்றுக்கு அங்கேயும் அதிகாரிகள் குறைசொல்லித் தடங்கல் செய்தனர் என்பதை முற்போக்காளராகிய நாம் மறைக்கவேண்டியதில்லை. லான்ட்ஷ்னர் நூறு வயது வாழ்ந்து 2011 இல் மறைந்தார். ரீஃபன்ஷ்டால் 2003 இல், நூற்றோராவது வயதில் மறைந்தார். போர்க்காலத்தில் அவர் எடுத்த 'தாழ்நிலம்' படத்துக்கு, சால்ஸ்பூர்க் அருகிலும் பேர்லினிலும் இருந்த முகாம்களிலிருந்து றோமா, சிந்தி மக்கள் துணைநடிகராகக் கொண்டுவரப்பட்டனர். அவர்களிற் பலர் பின்னர் அவுஷ்விட்சில் மாண்டனர். அவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை என்று சொன்ன ரீஃபன்ஷ்டால், தம் நூறாவது வயதில் வழக்கு வந்தபோதே அச்சொல்லை மீளப்பெற்றார். ஷ்னைடர் 1955 இல் நோர்த் கொன்வேயிற் காலமானார்.

கொம்பேர்ட்ஸுக்கு எந்த வங்கியாளரும் கிடைக்கவில்லை. 1938 இன் பின்னரும் அவர் சென் அன்ரனிலேயே இருந்தார். தாம் உருவாக்கிய ஊரில் அவர் தீண்டத்தகாதவரானார். யூதனின் பிள்ளைகள் என்ற முத்திரையிலிருந்து தம் இரு புதல்வரையும் காக்க, அவர்கள் கணவனுக்குப் பிறந்தவர்களல்லர், 'ஆரிய'னொருவனுக்குப் பிறந்தவர்கள் என்று மனைவி கிளாரா அதிகாரிகள்முன் உரைக்க நேர்ந்தது. பிள்ளைகள் தப்பினர். தந்தை 1942 இன் தொடக்கத்தில் வியன்னாவுக்குச் செல்லுமாறு நிர்ப்பந்திக்கப்பட்டார். மே 20 இல் அங்கிருந்து புறப்பட்ட புகையிரதத்தில் அவரும் ஏற்றப்பட்டார். மே 26 இல் மின்ஸ்க் நகருக்கு அண்மையிலுள்ள மாலி திரொஸ்தெனெட்ஸில் கொல்லப்பட்டார். வயது 64. 1987 இல் ஒஸ்திரிய நாடகாசிரியர் ஃபெலிக்ஸ் மிற்றரர் இக்குடும்பத்தின் கதையை அடிப்படையாகக்கொண்டு ஒரு நாடகம் எழுதினார். 'வெண்மயக்கம்' எடுக்கப்பட்ட சரிவுகளில் ஒவ்வொரு குளிர்காலமும் இப்போதும் விருந்தினர் இறங்குகின்றனர்.